செபாஸ்டின் அனுப்பிய இரண்டாவது கேசட்டு

கப்பலுக்குப் போன செபாஸ்டின் முதல்முதலாகத் தன் குரலைக் கேசட்டில் பேசி அனுப்பியபோது, அதைப் போட்டுக் கேட்கிற பெட்டி அந்தத் தெருவிலேயே விக்டோரியா வீட்டில் மட்டும்தான் இருந்தது. அவன் பெண்டாட்டி அமலோற்பவம் கேசட்டை முந்தானையில் பொதிந்து கொண்டுபோய்க் கொடுத்தாள். விக்டோரியா நல்ல மனுஷிதான், ஆனால் எதையும் தனியாகச் செய்து பழக்கமில்லாதவள். மீன் குழம்பு வைத்தால்கூட நான்கு பேரைக் கூப்பிட்டு உப்புப் பார்க்கச் சொல்வாள். அமலோற்பவம் போய்ச் சேர்வதற்குள் முன்னறையில் பாதித் தெரு உட்கார்ந்திருந்தது.

பெட்டியிலிருந்து செபாஸ்டின் பேசினான். தொண்டையைச் செருமிக்கொண்டு, கடுதாசி எழுதுகிறவன் மாதிரி, "தூத்துக்குடியில் இருக்கும் என் அன்பு மனைவி அமலோற்பவத்துக்கு" என்று ஆரம்பித்தான். கூட்டம் சிரித்தது. கப்பல் சாப்பாடு, வெயில், கூட வேலை பார்க்கிற கோவாக்காரன் என்று எல்லாம் சொல்லிவிட்டு, கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தினான்.

"அமலு, நீ காலைல முடி கோதும்போது சீப்பப் பல்லுல கடிச்சிக்கிட்டே எங்கிட்டப் பேசுவ பாரு. என்ன சொல்லுதன்னு ஒரு நாளும் எனக்கு வெளங்குனதில்ல. இப்ப இந்தக் கடலுக்கு நடுவுல அந்தப் பேச்சுதான் காதுக்குள்ள கேட்டுக்கிட்டே கெடக்கு."

முன்னறை ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரிப்பு. விக்டோரியா பெட்டியை நிறுத்தி, பின்னால் ஓட்டி, அந்த இடத்தையே மறுபடியும் போட்டாள். அமலோற்பவம் சுவரோடு சுவராக நின்றாள். அவன் அவளுக்கென்று சொன்ன ஒரே ஒரு வார்த்தை, காதுக்கு வந்து சேருமுன்பே இருபது வாய்களில் புகுந்து புறப்பட்டுவிட்டது.

அன்றிலிருந்து அவளுக்குத் தெருவில் 'சீப்பு' என்று பெயர். குழாயடியில், "ஏளா சீப்பு, கொடத்தத் தள்ளி வையி." கோவிலுக்குப் போனால், "சீப்பு வாரா, வழி விடுங்க." அவள் யாரையும் எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பழைய துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்குக் கிட்டங்கியில் கிழிந்த சாக்குகளைத் தைக்கிற வேலை. நாளெல்லாம் ஊசியும் சணலுமாக மூலையில் உட்கார்ந்திருப்பாள். வாய் திறக்க மாட்டாள், ஆனால் கண்ணுக்குத் தப்புவது குறைவு.

புருஷனுக்கு எழுதிய கடுதாசியில் மட்டும் ஒரு வரி சேர்த்தாள்: 'நீங்கள் பேசியதைத் தெருவே கேட்டுச் சிரித்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.'

சில மாதம் கழித்து இரண்டாவது கேசட்டு வந்தது. கப்பலில் கூட இருந்த ஓர் ஆள் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்தான். விக்டோரியாவுக்கு அன்று சாயங்காலமே மூக்கில் வியர்த்துவிட்டது.

"ஏளா, கொண்டா போடுவோம். இந்தத் தடவ என்னத்தக் கடிச்சன்னு கேப்போம்."

"அது... அறுந்திருக்காம் அக்கா."

"அறுந்திருந்தா ஒட்டிக்கிடலாம்ளா."

"நான் பெறவு தாரேன்."

தரவில்லை. மக்ரோன் பலகாரம் வாங்கின ஒரு தகர டப்பாவில் வைத்து மூடினாள். மாதா படத்துக்குக் கீழே டப்பா இருந்தது. காலையில் முடி கோதும்போது அதைப் பார்ப்பாள். அதற்குள் அவன் பேசிக்கொண்டுதான் இருக்கிறான், இவளுக்குத்தான் கேட்கவில்லை என்று தோன்றும். சில சமயம் டப்பாவைக் காதோரம் வைத்து லேசாக ஆட்டிப் பார்ப்பாள். கேசட்டு உள்ளே உருண்டு கடகடவென்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். சொந்தமாக ஒரு பெட்டி வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் கேட்க வேண்டும். அந்த வருஷம் அவளுக்கு வேறு ஆசையே இல்லை.

பெட்டி கிடைக்காத ஊரா தூத்துக்குடி? கடல் வழியாக எது எதுவோ வந்து இறங்கிய காலம் அது. அடுத்த தெருவில் கிளாட்வின் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கை வைத்தால் கடிகாரம், சேலை, செண்டு பாட்டில் என்று என்னவும் வரும். கடை விலையில் பாதிக்கும் கீழே கொடுப்பான். அமலோற்பவம் ஒரு நாள் தயங்கித் தயங்கிப் போய் நின்றாள். கிளாட்வின் அட்டைப்பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டான். நாலு பக்கமும் பசைநாடா ஒட்டி, பிரிக்காத பெட்டி.

"பாரு தங்கச்சி, ஜப்பான் சரக்கு. ரேடியோவும் உண்டு, டேப்பும் உண்டு. ஒனக்குன்னு கடவுள் அனுப்புனது."

"பிரிச்சிக் காட்டுதீங்களா அண்ணன்?"

"பிரிச்சா மதிப்புப் போயிரும்லா? வீட்டுல கொண்டுபோய்ப் பிரி."

"பில்லு உண்டா?"

கிளாட்வின் தொடையில் தட்டிச் சிரித்தான். "பில்லா! ஏளா, கடல்ல புடிச்ச மீனுக்கு எவன் பில்லு தாரான்?"

"மீன நாளைக்கி எவனும் வீடு தேடி வந்து கேக்க மாட்டான் அண்ணன்," என்றாள் மெதுவாக, தரையைப் பார்த்துக்கொண்டு.

அவள் சொன்னதில் காரணம் இருந்தது. விக்டோரியாவின் தம்பி இதே மாதிரி பிரிக்காத பெட்டி ஒன்றை வேறொருவனிடம் வாங்கி, வீட்டில் பிரித்தபோது பழைய காகிதத்துக்கு நடுவே மதில் கட்டுகிற கடற்கல் ஒன்று இருந்தது. கணக்காக அந்த எடைக்கே கல்லைச் செதுக்கியிருந்தான் பாவி. போலீசுக்குப் போக முடியுமா? என்ன வாங்கப் போனாய் என்று முதலில் இவனைத்தானே கேட்பார்கள்? அதைவிடப் பெரிய பயம் ஒன்று அவளுக்கு உண்டு. கஸ்டம்ஸ்காரர்கள் எப்போது எந்த வீட்டுக்குள் நுழைவார்கள் என்று சொல்ல முடியாது. கப்பல்காரன் வீட்டில் கள்ளச்சரக்கு அகப்பட்டால், அவன் கப்பல் புத்தகத்தில் கறை விழும். அப்புறம் எந்தக் கம்பெனியும் ஏற்றிக்கொள்ளாது. அவன் குரலைக் கேட்கப் போய் அவன் பிழைப்பைக் கெடுப்பதா?

கிளாட்வின் வேறொரு பெட்டியை எடுத்தான், அவன் வீட்டில் ஓடுகிறது. "சரி, வாங்க வேண்டாம். அந்தக் கேசட்டக் குடு, இதுல போட்டுக் காட்டுதேன். ஒன் மாப்பிள்ள குரலக் கேட்டா நீயே பில்ல மறந்துருவ."

பெட்டி வாங்கினால் போட்டுப் பார்க்கலாமென்று டப்பாவிலிருந்து எடுத்துவந்த கேசட்டு அப்போது அவள் இடுப்பில்தான் இருந்தது. கை தானாக அங்கே போனது. ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம் கேட்டால் என்ன? திண்டில் சாய்ந்து கிளாட்வினின் பெண்டாட்டியும் கொழுந்தியாளும் இவளைப் பார்த்துச் சிரித்தபடி காத்திருந்தார்கள். கையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

வழி வேறு இடத்தில் இருந்தது. தினமும் வேலைக்குப் போகிற பாதையில் கஸ்டம்ஸ் ஆபீஸ் சுவரில் ஒட்டுகிற காகிதங்களை அவள் வாசிப்பாள். ஒரு நாள், பிடிபட்ட சாமான்களை ஏலம் விடப்போவதாக ஓர் அறிவிப்பு இருந்தது. வாசலில் பியூன் தாணுலிங்கம் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்பதற்கு இரண்டு நாள் அந்த வழியாகச் சும்மா நடந்தாள். மூன்றாம் நாள் அவரே கேட்டார்.

"என்னம்மா, சொவத்த வெலைக்கி வாங்கப் போறியா?"

"இல்ல அண்ணாச்சி. இதுல பொம்பளைங்க வாங்கலாமா?"

"யாரும் வாங்கலாம். ரூவா கட்டுனா ரசீது உண்டு, சர்க்கார் முத்திரையோட. ஆனா மொத நாள் சாமானப் பாக்க விடுவாவ, அதுக்கு வந்துரு. வாங்குன பெறவு ஓடல, பாடலன்னு வந்தா இங்க ஒருத்தனும் காது குடுக்க மாட்டான்."

பார்க்க விட்ட நாளில் அவள் கிட்டங்கிக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் போனாள். வியாபாரிகள் எல்லோரும் பசைநாடா பிரிக்காத பெட்டிகளைச் சுற்றி நின்றார்கள். அவற்றைத் திறந்து காட்ட அனுமதியில்லை என்று சொல்லிவிட்டார்கள். அமலோற்பவத்துக்குக் கடற்கல் ஞாபகம் வந்தது. அவள் பார்வை மேஜை ஓரத்தில், அட்டையே இல்லாமல், ஒரு மூலை நசுங்கிக் கிடந்த பெட்டியில் நின்றது. யாரோ ஒரு பயணியின் மூட்டையில் பிடித்தது, கொஞ்சம் பழகின சாமான். கேசட்டு மூடி நசுங்கலில் சிக்கித் திறக்கவில்லை. அதனால் ஒருவரும் அதைத் தொடவில்லை.

"அண்ணாச்சி, அத ஓட விட்டுப் பாக்கலாமா?"

தாணுலிங்கம் வயரைச் செருகினார். ரேடியோ பளிச்சென்று பாடியது. அவள் கேசட்டு மூடியின் கறுப்புக் கண்ணாடி மேல் விரலை வைத்துப் பார்த்தாள். பின்னால் ஓட்டுகிற பொத்தானை அமுக்கியபோது உள்ளே சக்கரம் சுற்றுகிற அதிர்வு விரலில் தெரிந்தது. அது போதும்.

மறுநாள் ஏலம். அறை முழுக்க ஆம்பளைகள். நசுங்கின பெட்டி வந்ததும் அவள் கையை உயர்த்தினாள்.

"கையத் தூக்குனா ஆவாது. வாயத் தொறந்து கேக்கணும்," என்றார் ஏலம் விடுகிற ஆபீசர்.

"சத்தமாக் கேளு தாயி, ஊமைக்கி ஏலம் கெடையாது," என்று பின்னாலிருந்து ஒருவன். சிரிப்பு. விக்டோரியா வீட்டு முன்னறையில் கேட்ட அதே சிரிப்பு. அமலோற்பவத்துக்குக் கால் பின்வாங்கியது. ஆனால் அன்றைக்குச் சுவரோடு ஒட்டி நின்றதற்குத்தான் இத்தனை மாதமும் டப்பாவை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்ததும், வாய் திறந்துகொண்டது. அவள் விலை கேட்ட சத்தம் அவளுக்கே யாரோ கேட்ட மாதிரி இருந்தது. நசுங்கின பெட்டிக்கு மேலே கேட்க வியாபாரிகளுக்கு மனசில்லை. சேர்த்து வைத்திருந்ததோடு விரலில் கிடந்த மோதிரத்தையும் விற்றுக் கொண்டுவந்திருந்தாள். விலைக்குப் போதுமானதாக இருந்தது.

ரசீதை வாங்கிக்கொண்டு நேராகத் தபால் ஆபீசுக்குப் போய், ரேடியோ வைத்துக்கொள்வதற்கான லைசென்சும் எடுத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தாள். தெரு வாசலுக்கு வந்து பார்த்தது.

"ஏளா சீப்பு, களவுச் சாமானா?" என்றாள் விக்டோரியா.

"சர்க்கார் சாமான் அக்கா," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைத் தாழ் போட்டாள். பட்டப்பகலில் கதவு சாத்திய வீடு அந்தத் தெருவில் அது ஒன்றுதான்.

பேட்டரிக் கட்டைகளைப் போட்டாள். சாக்கு ஊசியை நசுங்கலுக்குள் விட்டு மெல்ல நெம்ப, மூடி திறந்துகொண்டது. உள்ளே ஏற்கெனவே ஒரு கேசட்டு இருந்தது. அவள் ஒன்றும் யோசிக்காமல், ஓடுகிறதா பார்ப்போம் என்று பொத்தானை அமுக்கினாள்.

"காயல்பட்டினம் முத்துவாப்பா தெரு, கிணத்தடி வீட்டில் இருக்கும் என் கண்ணான சுலைகாவுக்கு," என்றது ஓர் ஆம்பளைக் குரல். அதுவும் கடுதாசி மாதிரியே. "இந்தப் பெட்டி ஒனக்குத்தான் புள்ள. தொறந்ததும் நாந்தான் மொதல்ல பேசணும்னு உள்ளாற வச்சி அனுப்புறேன். நீ அழும்போது மூக்கு நுனி மட்டும் செவக்கும்லா, அத நெனச்சா எனக்கு இங்க..."

அமலோற்பவம் பதறி நிறுத்தினாள். காது சுட்டது. பிறத்தியார் வீட்டுப் படுக்கையறைக்குள் தெரியாமல் நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது. இந்தப் பெட்டியை அவன் யாரிடமோ கொடுத்தனுப்பியிருக்கிறான். வழியில் பிடிபட்டிருக்கிறது. அந்தச் சுலைகாவுக்குப் பெட்டியும் வரவில்லை, பேச்சும் வரவில்லை. அதை எடுத்து மாதா படத்துக்குக் கீழே வைத்தாள்.

பிறகு தகர டப்பாவைத் திறந்து தன்னுடையதைப் போட்டாள். பெட்டிக்குப் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள்.

செபாஸ்டின் செருமினான். "நம்ம தெருவுல எல்லாருக்கும் வணக்கம். விக்டோரியா அக்கா சொகமா இருக்கீயளா? அக்கா தம்பிக்கி எப்பக் கலியாணம்? கிளாட்வின் மச்சானையும் கேட்டதாச் சொல்லுங்க. இங்க வெயிலு கூடுதலு. மாதா கோவில் கொடியேத்தத்துக்கு நான் இல்லியேன்னுதான் வருத்தம். ஊர்ல மழை உண்டா?"

மேடையில் பேசுகிற மாதிரி பேசிக்கொண்டே போனான். ஒவ்வொரு வீடாகச் சொல்லி நலம் விசாரித்தான். எல்லாம் முடிந்த பிறகு, "அமலு..." என்றான். அவள் எழுந்து உட்கார்ந்தாள். பெட்டியில் காற்றுச் சத்தம் மட்டும் வந்தது. தூரத்தில் ஏதோ இரும்பு கணகணத்தது. மூச்சு ஒன்று கேட்டது. "சரி, எல்லாரும் சொகமா இருங்க," என்று முடித்துவிட்டான்.

அவள்தானே எழுதினாள், தெருவே கேட்டது, வெட்கமாகப் போய்விட்டது என்று. அவன் அதைக் காதில் வாங்கிக்கொண்டான். தெருவுக்குப் பேசி அனுப்பிவிட்டான்.

பின்னால் ஓட்டி, "அமலு" என்ற இடத்தில் விட்டாள். அதன் பிறகு வருகிற அந்தச் சும்மா இருக்கிற நேரத்தை, அந்த மூச்சை, கேட்டாள். மறுபடியும் கேட்டாள். அவன் சொல்லாததெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது, ஆனால் எந்தப் பெட்டியிலும் அது கேட்காது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பெட்டியையும் சுலைகாவின் கேசட்டையும் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு திருச்செந்தூர் பஸ் ஏறினாள். அந்தக் கேசட்டு வீட்டில் இருக்கிறவரை அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. காயல்பட்டினத்தில் வழி கேட்டபோது ஒரு பெரியவர் அவளைத் தெருப்பக்கம் அனுப்பாமல், வீடுகளுக்குப் பின்னால் பெண்கள் மட்டும் போய்வருகிற முடுக்கைக் காட்டினார். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்து. ஆம்பளை நிழல் விழாத வழி. இப்படி ஒரு வழி எல்லா ஊரிலும் இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே நடந்தாள்.

கிணத்தடி வீட்டுப் பின்வாசலில் ஓர் இளம்பெண் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். துணிப்பைக்குள் பெட்டியைப் பார்த்ததும், "எங்களுக்குச் சாமான் ஒண்ணும் வேண்டாம்மா," என்றாள்.

"விக்க வரல. நீங்கதான் சுலைகாவா? ஒங்க வீட்டுக்காரரு பேசுன கேசட்டு எங்கிட்ட வந்துட்டு."

முறம் நின்றது. அமலோற்பவம் நடந்ததைச் சொன்னாள். ஏலத்தை, ரசீதை, திறக்காத மூடியை. "ஆரம்பத்துல கொஞ்சம் கேட்டுட்டேன். தெரியாமக் கேட்டது. ஒங்க பேரும் தெருவும் சொன்னாரு. அதுக்கு மேல... ஒரு வரி. மன்னிச்சிக்கிடுங்க."

"பெட்டி புடிபட்டுப் போச்சின்னு கொண்டுவந்த ஆளு சொன்னாக," என்றாள் சுலைகா. "உள்ளாற அவுங்க பேசி வச்சிருந்தாகன்னு யாரும் சொல்லலியே." அவள் மூக்கு நுனி சிவந்தது. மூக்கு நுனி மட்டும். அமலோற்பவம் சட்டென்று கிணற்றைப் பார்த்தாள்.

பெட்டியை உள்ளே கொடுத்துவிட்டு, எந்தப் பொத்தான் என்று காட்டிவிட்டு, அவள் முடுக்கிலேயே போய் நின்றுகொண்டாள். உள்ளே வரச் சொல்லியும் போகவில்லை. சுலைகாவின் உம்மா வந்து, "மவளே, உள்ள வந்து ஒரு வாய் தண்ணியாச்சும் குடி," என்றாள்.

"அவுங்க கேட்டு முடிக்கட்டும் உம்மா. நீங்களும் இங்க நில்லுங்களேன்."

உம்மா ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, அப்புறம் புரிந்தவளாக, தானும் சந்துச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

வெகுநேரம் கழித்துச் சுலைகா வெளியே வந்தாள். பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தவள் அதை நீட்டினாள். அமலோற்பவத்துக்குக் கை நீளவில்லை.

"ஒங்களுக்குன்னு வாங்குனதுல்லா..."

"ரசீது ஒங்க பேர்ல இருக்குல்லா? கேசட்ட மட்டும் வச்சிக்கிறேன். அவுங்க வரும்போது வேற பெட்டி வாங்கி, வரிகட்டி, நெஞ்ச நிமித்திக் கொண்டு வரட்டும்." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "ஒங்க மாப்புள என்ன பேசியிருந்தாக?"

"தெருவுக்கே வணக்கம் சொல்லியிருக்காரு."

"ஒங்களுக்கு?"

அமலோற்பவம் நடந்ததைச் சொன்னாள், சீப்பையும் சேர்த்து. யாரிடமும் சொல்லாததை முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் அந்தச் சந்தில் எப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. சுலைகா சிரிக்கவில்லை.

"நீங்க என்ன பேசி அனுப்புனீங்க?"

"நானா? நான் எங்க பேச? கடுதாசிதான்."

"அப்ப அவுங்களுக்கு எப்படித் தெரியும், இப்ப நீங்க மட்டுந்தான் கேக்குறீங்கன்னு?" சுலைகா பெட்டியைத் திருப்பி, சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் காட்டினாள். "இது ரெண்டையும் சேத்து அமுக்கணும். கேசட்டத் திருப்பிப் போட்டுக்கிடுங்க. இல்லன்னா அவுங்க பேசுனது அழிஞ்சிரும்."

மறுநாள் காலை கிட்டங்கிக்குப் புறப்படுவதற்கு முன்னால் அமலோற்பவம் கதவைச் சாத்தினாள். வெளியே குழாயடியில் விக்டோரியாவின் குரல் யாருடனோ மல்லுக்கு நின்றுகொண்டிருந்தது. கேசட்டைத் திருப்பிப் போட்டாள். இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அமுக்கினாள். சக்கரம் சுற்றியது.

என்ன சொல்ல? ஏலத்தில் திறந்த வாய் இப்போது திறக்கவில்லை. 'பெட்டி வாங்கிவிட்டேன், ரசீது இருக்கிறது, லைசென்சு இருக்கிறது, நம் வீட்டில் நான் மட்டும்தான் கேட்பேன்' என்று சொல்ல வேண்டியதெல்லாம் தொண்டைக்குள் வரிசையாக நின்றது. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவன் விட்ட மாதிரியே அவளும் வெறும் மூச்சாக விட்டுக்கொண்டிருந்தாள்.

வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. முடியை அவிழ்த்தாள். சிக்கெடுத்து, இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்து, சீப்பைப் பல்லில் கடித்துக்கொண்டாள்.

பிறகு பெட்டியின் பக்கமாகத் திரும்பி, பேச ஆரம்பித்தாள்.